துருவ நட்சத்திரம் மறைந்த பிறகு போர்த்துகீசிய மாலுமிகள் அட்சரேகையை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

வடக்கே அட்சரேகையைக் காட்டிய துருவ நட்சத்திரம், நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே போனால் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். மிச்சம் இருப்பது சூரியன்தான். அடிவானத்திலிருந்து அதன் உயரத்தைக் கோணமாக அளந்த கருவி ஆஸ்ட்ரோலேப்: ஓரத்தில் பாகைகள் குறித்த வட்டம், மேலே ஒரு வளையம், நடுவில் இரு துளைகளுள்ள சுழலும் சட்டம்.

வளையத்தைப் பிடித்துக் கருவியைத் தொங்கவிட வேண்டும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. சுழலும் சட்டத்தைத் திருப்பி, மேல் துளை வழியே வரும் ஒளிப்பொட்டு கீழ்த் துளையில் சரியாக விழும்படி செய்ய வேண்டும். நண்பகலை ஒட்டி இப்படித் திரும்பத் திரும்ப அளந்தால், கிடைக்கும் அதிகபட்சக் கோணமே உச்சி உயரம்.

உயரம் 76 பாகை என்றால் 90-இலிருந்து கழிக்க 14. அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்கு 19 பாகை தெற்கே, உங்களுக்கு வடக்கே நிற்கிறது என்றால் இரண்டையும் கூட்டுங்கள்: 33 பாகை தெற்கு. சூரியன் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருக்கும் மாதங்களில் கூட்டக் கூடாது, கழிக்க வேண்டும். கணக்கு கெடுவது பெரும்பாலும் இங்கேதான். அந்த 19-ஐத் தந்தவை சூரிய அட்டவணைகள். யூத அறிஞர் ஆபிரகாம் சக்கூட்டோவின் அட்டவணை 1496-இல் லெய்ரியாவில் அச்சானது. கடலோடிகளுக்கு அறிஞர்கள் செய்த மிகப் பெரிய உதவி இதுதான் என்பேன்.

ஆடும் கப்பலில் ஒரு பாகை பிசகினாலே சுமார் 111 கிலோமீட்டர் தவறிவிடும். அதனால்தான் 1497 நவம்பரில் வாஸ்கோ ட காமா இன்றைய தென்னாப்பிரிக்காவின் செயின்ட் ஹெலினா விரிகுடாவில் கரையிறங்கி, மூன்று சாண் அகல மர ஆஸ்ட்ரோலேபை முக்காலிபோல் நட்ட கழிகளில் தொங்கவிட்டு அளந்தார். பிற்காலத்து வெண்கலக் கருவிகளில் காற்று புகுந்து போக நடுவில் வெட்டிவிட்டு, அடிப்பாகத்தைக் கனமாக வார்த்தார்கள்.