சுத்தியலும் லென்ஸும்: ஜியாலஜி மாணவர் கேள்வி–பதில்

டைனோசர் பற்றிப் படிக்க ஆசை. பிளஸ் டூ முடிக்கப் போகிறேன். தேடினால் புவியியல், நிலவியல், தொல்லியல், தொல்லுயிரியல் என்று நாலு பெயர் வருகிறது. எதில் சேர வேண்டும்?
– மாணவி, லால்குடி

முதலில் பெயர்க் குழப்பம் தீரட்டும். பள்ளியில் நீங்கள் பார்த்த புவியியல், ஜியாகிரபி. தொல்லியல் என்பது பானை ஓடு, கட்டடம், கல்வெட்டு என்று மனிதன் விட்டுப்போனதை ஆராய்வது. நீங்கள் கேட்பது தொல்லுயிரியல், அதாவது புதைபடிவங்களை ஆராய்வது. அதற்கென்று தனி இளநிலைப் பட்டம் தேடி அலைய வேண்டாம். பாறைகளையும் பூமியின் அமைப்பையும் படிக்கும் பி.எஸ்சி. ஜியாலஜிக்குள் அது ஒரு பாடம், எம்.எஸ்சி.யிலும் முனைவர் பட்டத்திலும்தான் அதை விரித்துப் படிப்பீர்கள்.

ஜியாலஜிக்குத் தமிழில் ஒரே பெயர் இன்னும் நிலைக்கவில்லை. நிலவியல் என்பார்கள், புவியமைப்பியல் என்பார்கள், மண்ணியல் என்பார்கள். அரசுத் துறையின் பெயரே ‘புவியியல் மற்றும் சுரங்கத் துறை’. அதனால் விண்ணப்பத்தில் தமிழ்ப் பெயரை மட்டும் நம்பி டிக் செய்யாதீர்கள். பக்கத்தில் ஜியாலஜி என்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பிளஸ் டூவில் எந்த குரூப் செல்லும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். எதுவானாலும் வேதியியலை விட்டுவிடாதீர்கள். உயிரியலையும் தொடர்ந்து படியுங்கள். இன்றைய பல்லியின், பறவையின் எலும்பு தெரியாதவருக்குப் பழைய எலும்பு வெறும் கல்தான்.

டைனோசருக்காக வெளிநாடு போக வேண்டியதில்லை. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டு மணற்கல்லில் டைனோசர் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. அங்கே எடுத்த பிரம்மாண்டமான எலும்புகளை வைத்துத்தான் 1987-ல் ‘புருஹத்காயோசாரஸ்’ என்ற விலங்கு விவரிக்கப்பட்டது. முதலில் ஊனுண்ணி என்று எழுதினார்கள். பிறகு நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி வகை என்று கருத்து மாறியது. இன்று மூல எலும்பைப் பார்த்து எதையும் சரிபார்க்க முடியாது, அது பொடிந்துபோய்விட்டது. படங்களும் அளவுகளும்தான் மிச்சம். அதனால் எலும்பைக் கண்டுபிடிப்பதோடு அதைக் காப்பாற்றவும் கற்றுக்கொள்ளுங்கள். அசிட்டோனில் 5 சதவீத அளவுக்குப் பாராலாய்டு பி-72 என்ற பிசினைக் கரைத்து, காய்ந்த எலும்பில் சொட்டுச் சொட்டாக ஊற விடுவார்கள். கடையில் வாங்கும் வெள்ளைப் பசை வேண்டாம். பின்னால் பிரித்துச் சுத்தம் செய்வது பெரும்பாடு.

முதல் ஃபீல்டு ட்ரிப் அரியலூர், காரை பக்கம். என்ன எடுத்துப்போவது, நோட்டில் என்ன எழுதுவது?
– இரண்டாம் ஆண்டு மாணவர், திருச்சி

நல்ல இடத்தில் தொடங்குகிறீர்கள். 1860-களில் நிலவியலாளர் பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். தொல்லுயிரியலாளர் ஸ்டொலிஸ்கா புதைபடிவங்களை விவரித்தார். டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலமான கிரெட்டேசியஸ் காலக் கடல் இங்கே விட்டுப்போனதை உலகம் முழுக்க நம் ஊர்ப் பெயர்களைச் சொல்லித்தான் படிக்கிறார்கள்.

படிவுப் பாறைக்குத் தட்டையான உளி முனை சுத்தியல் போதும். கண்ணாடி கட்டாயம், சில்லு கண்ணில்தான் தெறிக்கும். 10 மடங்கு லென்ஸ், திசையும் சாய்வும் அளக்கக் கிளினோமீட்டர் காம்பஸ், துணிப்பை, பழைய செய்தித்தாள், பென்சில். சின்னச் சொட்டுக்குப்பியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம்: செறிந்த அமிலம் 1 பங்கு, தண்ணீர் 9 பங்கு. அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். காரையில் நிழலே கிடையாது, ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீராவது வேண்டும். மழை பெய்த மறுநாள் போனால் களி செருப்போடு காலைப் பிடித்துக்கொள்ளும்.

லென்ஸைக் கல்லின் மேல் நீட்டிப் பிடிப்பது எல்லோரும் செய்யும் தவறு. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு கல்லை அதன் அருகே கொண்டுவாருங்கள், பார்வைப் பரப்பு சட்டென்று விரியும்.

காரை ஓடைச் சரிவில் வெயிலில் கண்ணாடித் துண்டு போல மின்னுவது ஜிப்சம். நகத்தால் கீறினால் கோடு விழும், அமிலம் விட்டால் நுரைக்காது. பக்கத்திலேயே பழுப்பாக, துப்பாக்கித் தோட்டா வடிவில் கிடப்பது பெலம்னைட், கணவாய் இனத்துப் பழைய உறவு. அது கால்சைட், நகத்துக்குக் கீறாது, அமிலத்தில் பொங்கும். ஜிப்சத் தகடு பாறை அடுக்கை வெட்டிக்கொண்டு விரிசல் வழியே போகிறதா என்று பாருங்கள். வெட்டிப் போனால் அது பின்னால் வந்து படிந்தது. ‘கடல் வற்றி உப்பு படிந்தது’ என்று நோட்டில் எழுதிவிட்டால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள்.

அமிலச் சோதனையிலும் ஒரு பொறி உண்டு. மேல்பரப்பில் சுக்கான்கல் (சுண்ணாம்பு) பூச்சு இருந்தால் எந்தக் கல்லும் நுரைக்கும். உடைத்து, புது முகத்தில் சொட்டுங்கள்.

இனி ஸ்ட்ரைக், டிப், அதாவது பாறை அடுக்கு கிடக்கும் திசையும் சாய்வும். அடுக்குப் பரப்பில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். அது ஓடும் திசை டிப். அதற்குச் செங்குத்தான கிடைக்கோடு ஸ்ட்ரைக். இந்தப் பகுதியில் அடுக்குகள் கிழக்குப் பக்கமாக மெதுவாகத்தான் சாய்கின்றன. சாய்வு குறைவாக இருக்கும்போது ஒரு சின்ன மேடு கூட ஸ்ட்ரைக்கை 20, 30 டிகிரி புரட்டிவிடும். கெட்டி அட்டை நோட்டைப் பரப்பில் வைத்து அதன் மேல் அளவெடுங்கள், நாலைந்து இடத்தில் எடுத்து ஒப்பிடுங்கள். சுத்தியல் காம்பஸ் பக்கத்தில் இருக்கக் கூடாது. செல்போனும் பெல்ட் பக்கிளும் அப்படியே. பாதையோர வெட்டில் நேராகத் தெரியும் சாய்வு பெரும்பாலும் உண்மை டிப்பை விடக் குறைவாகவே இருக்கும், வெட்டு டிப் திசையிலேயே இருந்தாலொழிய.

நோட்டு விஷயத்தில் நாங்கள் கறார். இடம், ஜி.பி.எஸ்., தேதி, எந்த அடுக்கு, அடுக்கின் அடியிலிருந்து எத்தனை செ.மீ. உயரம், அளவுகோலோடு ஒரு படம் – இவ்வளவும் கல்லைப் பையில் போடும் முன் எழுதியாக வேண்டும். அடுக்கில் பதிந்திருந்ததையும் ஓடையில் உருண்டு கிடந்ததையும் ஒரே பையில் போடாதீர்கள். உருண்டு வந்தது மேல் அடுக்கிலிருந்து விழுந்திருக்கலாம். ‘உதிரி’ என்று எழுதுங்கள். எண்ணைக் கல்லின் மேலும் எழுதி, சீட்டாகப் பைக்குள்ளும் போடுங்கள். துணிப்பையின் வெளியே மட்டும் எழுதிய எண், ஊர் திரும்புவதற்குள் தேய்ந்துவிடும்.

சாத்தனூர்க் கல்மரம், திருவக்கரைக் கல்மரங்கள் பாதுகாக்கப்பட்ட இடங்கள். பார்ப்பதோடு சரி, ஒரு சில்லு கூட எடுக்கக் கூடாது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குள் முன் அனுமதி இல்லாமல் போகாதீர்கள். திரும்பும் வழியில் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

மகள் ஜியாலஜி எடுக்கிறேன் என்கிறாள். வேலை கிடைக்குமா?
– தந்தை, விழுப்புரம்

பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் கஷ்டம். எம்.எஸ்சி. வரை ஐந்து ஆண்டு என்று கணக்குப் போடுங்கள். இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் யு.பி.எஸ்.சி. நடத்தும் ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வுக்கு முதுநிலைப் பட்டம் வேண்டும். எம்.எஸ்சி.யை ஐ.ஐ.டி.யில் படிக்க விரும்பினால் ஜாம் நுழைவுத் தேர்வு. இவை தவிர சிமென்ட் ஆலைச் சுரங்கங்கள், நிலத்தடி நீர், சுரங்கப்பாதைப் பணிகள் உண்டு. பெண்ணுக்குச் சுரங்கத்தில் இடம் உண்டா என்ற தயக்கம் வேண்டாம். 2019 முதல் உரிய பாதுகாப்பு ஏற்பாடுகளோடு திறந்தவெளிச் சுரங்கத்தில் இரவுப் பணிக்கும், நிலத்தடிச் சுரங்கத்தில் பகல்நேரத் தொழில்நுட்பப் பணிக்கும் அனுமதி இருக்கிறது.

சார்னோகைட் பாறையில் தின் செக்ஷன் (மைக்ரோஸ்கோப்பில் பார்க்கக் கண்ணாடியில் ஒட்டித் தேய்த்த மெல்லிய சீவல்) செய்தேன். குவார்ட்ஸ் மஞ்சளாகத் தெரிகிறது, ஒரு ஓரம் காணாமலே போய்விட்டது, நடுவில் குமிழ்கள். எங்கே தப்பு?
– மூன்றாம் ஆண்டு மாணவி, சேலம்

மஞ்சள் என்றால் தடிமன் அதிகம். செக்ஷன் 0.03 மி.மீ. இருக்க வேண்டும். அந்த அளவில், குறுக்கு நிக்கோலில் (மைக்ரோஸ்கோப்பின் இரண்டு ஒளி வடிகட்டிகளும் ஒன்றுக்கொன்று குறுக்காக இருக்கும்போது) குவார்ட்ஸ் சாம்பலும் வெள்ளையுமாகத் தெரியும். மஞ்சள் சுமார் 0.04, சிவப்பு சுமார் 0.06. அதாவது இன்னும் கொஞ்சம் தேய்த்தால் போதும், ஆனால் மெல்லிய 600 எண் கார்போரண்டம் தேய்ப்புப் பொடியில் மட்டும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை கழுவி மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். கடைசிக் கட்டத்தில் முரட்டு 220 எண் பொடியில் வைத்தால் நாலு இழுப்பில் எல்லாம் போய்விடும்.

ஓரம் போனதற்குக் காரணம் விரல் அழுத்தம். ஒரே பக்கம் பிடித்து அழுத்தினால் செக்ஷன் ஆப்பு போலத் தேயும். எட்டுப் போடுவது போலத் தேய்த்து, பத்து சுற்றுக்கு ஒருமுறை ஸ்லைடைக் கால் வட்டம் திருப்புங்கள். பொடி மாற்றும்போது ஸ்லைடு, கண்ணாடிப் பலகை, கை மூன்றையும் கழுவுங்கள். ஒட்டிக்கொண்டு வந்த ஒரே ஒரு முரட்டுத் துகள் குறுக்கே கோடு கிழித்துவிடும்.

குமிழ் ஒட்டும்போதே வந்தது. கல்லில் ஈரம் மிஞ்சியிருந்தாலோ, ஸ்லைடைத் தட்டையாக ‘பொத்’ என்று வைத்தாலோ காற்று மாட்டிக்கொள்ளும். தேய்த்த முகத்தை ஹாட் பிளேட்டில் நன்றாக உலர்த்துங்கள். ஒட்டும் எபாக்சிப் பசையைக் கிளறும்போது நுரைக்க விடாமல் மெதுவாகக் கிளறுங்கள். ஸ்லைடின் ஒரு விளிம்பை முதலில் தொடவைத்து மெல்லச் சாய்த்து இறக்குங்கள், பிறகு வட்டமாக அசைத்து அழுத்துங்கள். எபாக்சிக்குப் பதில் சூடாக்கி ஒட்டும் கனடா பால்சம் பிசின் என்றால் பதம் முக்கியம். வேகாதது கடைசி வரை பிசுபிசுக்கும். அதிகம் வெந்தது நொறுங்கிக் கல் தெறித்துவிடும்.

சரியாக வந்தால் அனலைசரை (மேல் ஒளி வடிகட்டியை) எடுத்துவிட்டு மேடையைச் சுற்றுங்கள். ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் வெளிர் சிவப்பிலிருந்து வெளிர் பச்சைக்கு மாறும். சார்னோகைட்டின் அடையாளம் அது.

களிப்பாறையிலிருந்து ஃபொராமினிஃபெரா (நுண்ணிய கடல் உயிரிகளின் ஓடுகள்) எடுக்க ஹைட்ரஜன் பெராக்சைடில் இரண்டு நாள் ஊற வைத்தேன். ஓடுகள் அரித்துப் போயிருக்கின்றன. ஏன்?
– எம்.எஸ்சி. மாணவர், சென்னை

உங்கள் களியில் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) இருக்கிறது. பெராக்சைடு பட்டால் பைரைட் கந்தக அமிலமாகும், அது கால்சைட் ஓட்டைத் தின்றுவிடும். லிட்மஸ் தாளை நனைத்துப் பார்த்தாலே தெரிந்திருக்கும். அப்படிப்பட்ட களிக்கு மண்ணெண்ணெய் முறைதான் நல்லது.

100 கிராம் மாதிரியைப் பட்டாணி அளவுக்கு உடையுங்கள், பொடியாக்க வேண்டாம். 60 டிகிரியில் ஒரு இரவு முழுக்க உலர்த்துங்கள். துளிகூட ஈரம் இருக்கக் கூடாது. இருந்தால் மண்ணெண்ணெய் நுண்துளைக்குள் இறங்காது. மூழ்கும் அளவு மண்ணெண்ணெய் ஊற்றி, குமிழ் வருவது நிற்கும் வரை வைத்து, வடித்துவிட்டு, உடனே வெந்நீர் ஊற்றுங்கள். கண்ணெதிரே களி இதழிதழாக உதிரும். மண்ணெண்ணெய் இருக்கும் வரை பக்கத்தில் தீ கூடாது. அதை நன்றாக அலசி நீக்கிய பிறகு ஒரு ஸ்பூன் வாஷிங் சோடா போட்டு அரை மணி நேரம் கொதிக்க விடுங்கள். 63 மைக்ரான் சல்லடையில் மெல்லிய தாரையில் அலசுங்கள். விரலால் தேய்த்தால் ஓடு நொறுங்கும்.

அடுத்த மாதிரிக்கு முன் சல்லடையை மெத்திலீன் ப்ளூ கரைசலில் முக்கி எடுங்கள். பழைய மாதிரியின் ஓடு ஏதாவது கண்ணியில் சிக்கியிருந்தால் நீலமாகிவிடும். நனைத்த ‘000’ தூரிகையால் ஓடுகளைப் பொறுக்கும்போது நீலமானது கண்ணில் பட்டால், அதை எண்ணாமல் ஒதுக்கிவிடுங்கள்.