ஸ்மார்ட் கேஷுவல் இரவு விருந்துக்குக் கப்பலில் ஜீன்ஸ் அணியலாமா?

அணியலாம். ஸ்மார்ட் கேஷுவல் என்றால் கோட் சூட் வேண்டாம், ஆனால் நேர்த்தியாக வர வேண்டும் என்று பொருள். உங்கள் கணவரிடம் இருக்கும் ஜீன்ஸ் கருநீலமாகவோ கறுப்பாகவோ இருக்க வேண்டும். கிழிசலும் வெளுப்பும் கூடாது. கால் நீளம் சரியாக இருக்க வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தால் புதிதாகப் பேன்ட் தைக்க வேண்டிய தேவையே இல்லை.

அடுத்த மாதம் பினாங்கிலிருந்து கப்பல் ஏறப் போவதாகவும், அவர் ஜீன்ஸைத் தவிர வேறெதையும் விரும்பி அணிவதில்லை என்றும், "சாப்பாட்டு அறை வாசலில் நிறுத்திவிட்டால் எல்லோர் முன்னாலும் அவமானமாகிவிடுமே" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன். அப்படி நிறுத்தப்பட்ட ஒரு பையனின் பக்கத்தில் நான் நின்றிருக்கிறேன்.

நான் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் தையல் கடை வைத்திருக்கிறேன். பெரியவர்கள் கடைத்தெரு என்று சொல்லும் மார்க்கெட் ஸ்ட்ரீட்டிலிருந்து எட்டி நடந்தால் வந்துவிடும். எனக்கு முன்னால் அந்த மேசையில் அப்பா இருந்தார். 1956இல் நாகப்பட்டினத்தில் ராஜூலா கப்பல் ஏறி, பன்னிரண்டு வயதில் சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பினாங்கில் இறங்கியவர் அவர். ராஜூலாவைப் பற்றி இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1926இல் கட்டப்பட்டு, 1970களின் தொடக்கம் வரை சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் கிள்ளானுக்கும் சிங்கப்பூருக்குமாக நம் ஆட்களைச் சுமந்த கப்பல். அப்பா டெக் பயணி, அதாவது தனி அறை இல்லாமல் கப்பல் தட்டிலேயே பயணம் செய்தவர். மேல்தட்டில் இருந்த சாப்பாட்டு அறைக்குள் டெக் பயணிகளுக்கு இடமில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே தெரிந்த வெள்ளை மேசை விரிப்பை இன்றைக்கும் நினைவாகச் சொல்வார்.

சில ஆண்டுகளுக்கு முன்பு குடும்பமாக ஒரு கப்பல் பயணம் போனோம். பினாங்கின் ஸ்வெட்டன்ஹாம் பியர் துறையில் ஏறி, தாய்லாந்தின் புக்கெட் போய்த் திரும்பும் மூன்று இரவுப் பயணம். அப்பாவுக்காகத்தான் போனோம். புறப்படுவதற்கு முன் என் மகள் தாத்தாவுக்கு ஒரு ஜீன்ஸ் வாங்கி வந்தாள். அப்பா அதைக் கையில் வாங்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் துணியைத் தேய்த்துப் பார்த்தார். துணியைப் பார்த்தால் அவர் கை தானாக அப்படித்தான் போகும். பிறகு மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இது டங்கரி. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஆட்களுக்கு நான் தைத்துக் கொடுத்த துணி. அவர்களே கோயிலுக்கும் விருந்துக்கும் போகும்போது இதைக் கழற்றி வைத்துவிட்டு, குளித்து வேட்டி கட்டிக்கொண்டுதான் போவார்கள். நான் இதைப் போட்டுக்கொண்டு போய் மேசையில் உட்காருவதா?"

அன்றைக்கு அதைப் பழைய காலத்துப் பிடிவாதம் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. உங்கள் கேள்விக்கான விடை அப்பாவின் அந்தப் பேச்சிலேயே இருக்கிறது.

டங்கரி என்ற சொல்லே மும்பையின் டோங்ரி பகுதியில் விற்ற முரட்டுப் பருத்தித் துணியிலிருந்து வந்தது. இன்றைய ஜீன்ஸும் உழைப்பாளிக்காகப் பிறந்ததுதான். அமெரிக்காவின் ரீனோ நகரில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரர், மரம் வெட்டும் ஒருவருக்காகப் பேன்ட் தைத்தபோது, பை கிழியாமல் இருக்க மூலைகளில் செப்பு ஆணி அடித்துக் கொடுத்தார். அவரும் துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸும் சேர்ந்து 1873 மே 20ஆம் தேதி அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். வேலைக்கான துணி என்ற அந்த நினைவு இன்னும் ஜீன்ஸை விட்டுப் போகவில்லை. கப்பல் நிறுவனங்கள் எழுதி வைத்திருக்கும் உடை விதிகளைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் துணியின் பெயரைச் சொல்லித் தடுப்பதில்லை. வேலைத் தோற்றமும் கடற்கரைத் தோற்றமும் மேசைக்கு வரக் கூடாது என்பதுதான் அந்த விதிகளின் உள்ளே ஓடுகிறது.

பிரின்சஸ் நிறுவனம் ஸ்மார்ட் கேஷுவல் இரவுகளுக்குத் தகாதவை என்று சொல்பவற்றில் நீச்சல் உடை, அரைக்கால் சட்டை, தொப்பி ஆகியவற்றோடு ஓரம் நைந்த, ஓட்டை விழுந்த ஜீன்ஸும் இருக்கிறது. செலிப்ரிட்டி நிறுவனம் தன்னுடைய சற்று உயர்ந்த இரவுகளுக்கே நல்ல ஜீன்ஸை ஏற்றுக்கொள்கிறது. நார்வீஜியனில் கோட் சூட் கட்டாயமான ஃபார்மல் இரவு என்பதே கிடையாது. இந்த வரிசையில் கண்டிப்பானது குனார்ட். அதன் காலா எனும் பெருவிருந்து இரவுகளுக்கு டின்னர் ஜாக்கெட் அல்லது இருண்ட நிற கோட் சூட், டை என்று போக வேண்டும். அங்கே ஜீன்ஸின் பேச்சே எடுக்க வேண்டாம். ஆகவே உங்கள் பயணச் சீட்டோடு வந்திருக்கும் குறிப்பில் முதலில் பார்க்க வேண்டியது, ஃபார்மல் அல்லது காலா என்று ஏதாவது ஓர் இரவு குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதுதான். இருந்தால் அந்த ஓர் இரவுக்கு மட்டும் வேறு ஏற்பாடு தேவைப்படும். மற்ற இரவுகளுக்கு இந்தப் பதில் போதும்.

இனி அந்தப் பையனின் கதை. என் அக்கா மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. முதல் இரவு, முழங்காலில் பிளந்து நூல் தொங்கும் வெளிர்நீல ஜீன்ஸில் வந்தான். விலை உயர்ந்த ஜீன்ஸ், கிழிசலுக்கும் சேர்த்து விலை கொடுத்து வாங்கியது. மாலையில் அறைக்கு வந்த தாளில் "இன்றிரவு ஸ்மார்ட் கேஷுவல்" என்று அச்சிட்டிருந்தது. அவன் படிக்கவில்லை, நாங்களும் எடுத்துச் சொல்லவில்லை. வாசலில் நின்றிருந்த மேலாளர் குரலைத் தாழ்த்தி மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார். ஆனாலும் பின்னால் வரிசை நின்றது. பையனின் காது மடல் சிவந்துபோனதைப் பார்த்தேன். "எனக்குப் பசிக்கவில்லை மாமா, நீங்கள் சாப்பிடுங்கள்" என்று திரும்பி நடந்தான்.

அப்பாவும் அவனோடு திரும்பிவிட்டார். வேட்டி சட்டையில் வந்திருந்த அவருக்கு உள்ளே போக எந்தத் தடையும் இல்லை. அறுபது ஆண்டுகளாகப் பார்க்க நினைத்த வெள்ளை மேசை விரிப்பு பத்தடி தூரத்தில் இருந்தது. பேரனை விட்டுவிட்டு உட்கார அவருக்கு மனம் வரவில்லை.

அறைக்குப் போய் அவன் பெட்டியைத் திறந்தேன். அடியில் ஒரு கறுப்பு ஜீன்ஸ் கிடந்தது, கால் இரண்டு இன்ச் நீளம். ஊசியும் நூலும் என் பையில் எப்போதும் இருக்கும். கட்டிலில் உட்கார்ந்து இரண்டு காலையும் உள்பக்கம் மடித்து எட்டி எட்டித் தையல் போட்டேன். காலர் வைத்த என் சட்டையைக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் அதே வாசலுக்குப் போனோம். அதே மேலாளர் புன்னகையோடு நாற்காலியை இழுத்துப் போட்டார். முதலில் அணிந்து வந்ததும் ஜீன்ஸ், இப்போது அணிந்திருப்பதும் ஜீன்ஸ்.

ஆகவே உங்கள் கணவரின் ஜீன்ஸைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஜீன்ஸ் துணியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்கு மட்டும்தான் நீலச் சாயம் ஏற்றுவார்கள். குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளையாகவே இருக்கும். அந்தச் சாயமும் நூலின் மேலோடு நிற்கும், நடுவரை இறங்காது. அதனால்தான் தேய்ந்த இடமெல்லாம் வெள்ளை எட்டிப் பார்க்கிறது. தொடையிலும் முழங்காலிலும் பைக்குள் தொலைபேசி உரசும் இடத்திலும் வெளுத்திருந்தால், அது எவ்வளவு சுத்தமாகத் துவைத்ததாக இருந்தாலும் பார்ப்பவர் கண்ணுக்கு வேலை உடையாகத்தான் படும். அதைப் பகலில் ஊர் சுற்ற வைத்துக்கொள்ளுங்கள்.

தையல் நூலையும் பாருங்கள். ஆரஞ்சு நிற நூல் ஓடும் ஜீன்ஸ் தூரத்திலிருந்தே ஜீன்ஸ் என்று சொல்லிவிடும். துணியின் நிறத்திலேயே நூல் ஓடினால் மங்கிய விளக்கில் சாதாரணப் பேன்ட்டாகத் தெரியும். வாங்குவதாக இருந்தால் அப்படிப்பட்டதைப் பார்த்து வாங்குங்கள்.

எல்லாவற்றையும்விட நான் வலியுறுத்துவது கால் நீளத்தை. என் கடைக்கு வரும் ஜீன்ஸில் பாதிக்கு மேல் இரண்டு மூன்று இன்ச் அதிகமாக இருக்கும். குதிகாலில் மிதிபட்டு ஓரம் நைந்திருக்கும், கணுக்காலில் மடிப்பு மடிப்பாக விழுந்திருக்கும். ஆயிரம் ரிங்கிட் ஜீன்ஸாக இருந்தாலும் அந்த மடிப்பு அதைக் கெடுத்துவிடும். காலணியின் மேல்பகுதியைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வெட்டித் தைத்தால் மலிவான ஜீன்ஸுக்கும் ஒரு நிமிர்வு வரும். எந்தக் காலணியோடு அணியப் போகிறாரோ அதைப் போட்டுக்கொண்டுதான் அளவு கொடுக்க வேண்டும். ரப்பர் செருப்போடு வந்து அளவு கொடுத்துவிட்டு, விருந்தில் தோல் காலணி போட்டால் கால் ஏறிப் போகும்.

மேலே என்ன அணிவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் ஜீன்ஸுக்கு மதிப்பைக் கொடுப்பதே மேல்சட்டையும் காலணியும்தான். காலர் வைத்த முழுக்கைச் சட்டை, தோல் பெல்ட், கயிறில்லாத தோல் காலணி ஆகியவை போதும். நம் ஊர்க்காரருக்கு இதைவிட நல்ல வழி ஒன்றும் இருக்கிறது. இங்கே அரசு விருந்து அழைப்பிதழ்களிலேயே கோட் சூட்டுக்கு இணையாக, மெழுகும் சாயமும் கொண்டு கோலமிட்ட பாத்திக் துணியில் தைத்த முழுக்கைச் சட்டையை எழுதுகிறார்கள். கருநீல ஜீன்ஸின் மேல் நல்ல முழுக்கை பாத்திக் சட்டை அணிந்து போனால், எந்த ஸ்மார்ட் கேஷுவல் மேசையிலும் அவர் தலை நிமிர்ந்து உட்காரலாம். பாத்திக் சட்டையை உள்ளே செருக வேண்டாம், அது வெளியே விட்டு அணிவதற்கென்றே வெட்டியது.

நீங்களும் ஜீன்ஸ் அணிய நினைத்தால் இதே கணக்குதான். பட்டு ரவிக்கையோ நல்ல குர்த்தாவோ போதும். சேலை என்றால் எந்தக் கப்பலில் எந்த இரவுக்கும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

கப்பலில் ஜீன்ஸுக்கு வேறொரு வசதியும் இருக்கிறது. தீ பயம் காரணமாகப் பெரும்பாலான கப்பல்களில் சொந்த இஸ்திரிப் பெட்டி கொண்டுபோக விடுவதில்லை. பருத்திப் பேன்ட் பெட்டியிலிருந்து கசங்கித்தான் வெளியே வரும். ஜீன்ஸை எடுத்து உதறினால் போதும். சாப்பாட்டு அறைகளில் குளிர்சாதனமும் கடுமையாக இருக்கும், தடித்த துணி காலுக்கு இதமாகவே இருக்கும். துவைத்து உலர்த்தலாம் என்று மட்டும் நம்பாதீர்கள். அறையின் சின்னக் குளியலறையில் நனைந்த ஜீன்ஸ் இரண்டு நாள் ஆனாலும் ஈரமாகவே தொங்கும். மழையிலோ கடற்கரையிலோ நனையக்கூடிய ஜீன்ஸும் இரவுக்கான ஜீன்ஸும் வேறு வேறாக இருக்கட்டும்.

அப்பா அந்தப் பயணம் முடியும் வரை ஜீன்ஸ் அணியவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. இரண்டாம் இரவு அவரும் பேரனும் எனக்கு முன்னால் நடந்து போனார்கள். ஒருவர் வெள்ளை வேட்டியில், இன்னொருவன் நான் மடித்துத் தைத்த கறுப்பு ஜீன்ஸில். மேசையில் உட்கார்ந்ததும் அப்பா விரிப்பின் ஓரத்தைக் கையில் எடுத்து, அதே இரண்டு விரல்களால் தேய்த்துப் பார்த்தார். "பருத்திதான். நல்ல நெசவு" என்றார். பேரனின் முழங்காலிலும் கை வைத்துப் பார்த்துவிட்டு, "இதுவும் சுத்தமாகத்தான் இருக்கிறது, சாப்பிடு" என்றார்.

நாள் கணக்கு மட்டும் பாக்கி. உங்களுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. புது ஜீன்ஸாக இருந்தால் உள்பக்கம் வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில் இரண்டு முறை துவைத்துக் காய வைத்துவிட்டுத் தையல்காரரிடம் கொண்டுபோங்கள். பருத்தி முதல் துவைப்புகளில் சுருங்கும். துவைக்காமல் வெட்டினால் கப்பலில் கால் குட்டையாகிப் போகும். துவைக்காத கருநீலம் வெளிர்நிற நாற்காலி உறையிலும் சாயத்தை விட்டுவிடும். பயணத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள், பண்டிகை நெருங்கினால் எங்கள் கடைகளில் கூட்டம் கூடிவிடும். அவர் அணியப் போகும் அந்தத் தோல் காலணியையும் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள்.