இன்ஜின் சக்கரம் சுற்றுகிறது, ரயில் ஏறவில்லை: கன்ட்ரோலரை மாற்றலாமா?

கேள்வி: 8-க்கு 4 அடி பிளைவுட்டில் மாதிரி ரயிலுக்கு ஹெச்.ஓ. அளவில் (நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு) எட்டு வடிவப் பாதை போட்டிருக்கிறேன். எட்டின் நடுவில் ஒரு தடம் இன்னொன்றின் மேல் பாலத்தில் போகிறது. ஸ்டேஷன் சமதளத்தில் இருக்க வேண்டும் என்பதால் பாலத்துக்கு 4 அடி முன்னால்தான் ஏற்றம் தொடங்குகிறது. உயரம் 75 மி.மீ. இன்ஜின் தனியாக ஏறிவிடுகிறது. ஐந்து பெட்டிகளை மாட்டினால் நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றுகிறது. ஏற்றம் தொடங்கும் இடத்தில் பெட்டிகளும் அடிக்கடி தடம் புரள்கின்றன. விற்றவர், “தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் 1 ஆம்பியர் கன்ட்ரோலர் போதாது, 5 ஆம்பியர் வாங்குங்கள், பழையதைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன்” என்கிறார். வாங்கலாமா? – ஈரோடு வாசகர்

பதில்: வாங்காதீர்கள். உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது: சக்கரம் சுற்றுகிறது. அப்படியானால் மோட்டாருக்குப் போதிய மின்சாரம் வருகிறது. சக்கரத்துக்குத் தண்டவாளத்தில் பிடிப்புதான் இல்லை. கரன்ட் போதாவிட்டால் விளக்கு மங்கும், சக்கரம் நிற்கும். இந்த வித்தியாசம் விற்றவருக்குத் தெரியாமல் இருக்காது.

கணக்கைப் பாருங்கள். 4 அடி என்பது 1,220 மி.மீ. அதில் 75 மி.மீ. ஏறினால் 16-க்கு 1, அதாவது 6 சதவீதத்துக்கும் மேல். கல்லாறிலிருந்து குன்னூர் வரை நீலகிரி ரயில் ஏறும் மிகக் கடுமையான ஏற்றம் ஏறக்குறைய 12-க்கு 1. அதற்கே நடுவில் பல் தண்டவாளம் போட்டு, பல்சக்கரத்தால் பிடித்து ஏறுகிறார்கள். பம்பாய் பக்கம் போர் காட் மலைப்பாதையில் ஏற்றம் 37-க்கு 1தான். அங்கேகூட ரயிலுக்குத் துணை இன்ஜின் வைக்கிறார்கள். நீங்கள் வழவழப்பான சக்கரத்தை வைத்துக்கொண்டு 16-க்கு 1 கேட்கிறீர்கள்.

இன்ஜின் எடை 300 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதன் எடையில் கால் பங்குக்கு மேல் இழுக்காது; 70 கிராம் இழுத்தாலே நல்ல இன்ஜின். 120 கிராம் வீதம் ஐந்து பெட்டிகள் 600 கிராம். 6 சதவீத ஏற்றத்தில் அந்தப் பெட்டிகளைத் தூக்க 36 கிராம், தன்னையே தூக்கிக்கொள்ள 18, அச்சு உராய்வுக்குச் சுமார் 15, வளைவில் உரசுவதற்குச் சுமார் 12. கூட்டினால் 80 தாண்டிவிட்டது. 5 ஆம்பியர் அல்ல, 50 ஆம்பியர் கொடுத்தாலும் சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றும், அவ்வளவுதான்.

5 ஆம்பியரில் ஆபத்தும் உண்டு. உங்கள் பெட்டிகள்தான் தடம் புரள்கின்றனவே. உலோகச் சக்கரம் இரண்டு தண்டவாளங்களுக்கும் குறுக்கே விழுந்தால் ஷார்ட் ஆகும். சிறிய கன்ட்ரோலர் அந்த நொடியே மின்சாரத்தை வெட்டிவிடும். பெரியதோ, மெல்லிய வயரில் வெட்டாமல் தொடர்ந்து தள்ளும். சக்கரம் சூடேறிப் பெட்டியின் பிளாஸ்டிக் போகி (அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) உருகும். இதே காரணத்துக்காகத்தான் பழைய லேப்டாப் சார்ஜரை மாட்டும் ‘சிக்கன’ யோசனையும் வேண்டாம் என்பது. போதாக்குறைக்கு அது 19 வோல்ட், உங்கள் இன்ஜின் 12 வோல்ட். ஹெச்.ஓ. இன்ஜின் ஒன்று பொதுவாக அரை ஆம்பியர்கூட எடுக்காது. உங்களிடம் இருப்பதே இரண்டுக்குப் போதும்.

இப்படிப்பட்ட இடைத்தரகர்கள் பெருகியதற்கு அரசும் ஒரு காரணம். சுங்கப் பட்டியலில் அளவு மாதிரி ரயிலுக்கும் கிலுகிலுப்பைக்கும் ஒரே தலைப்பு. 2020-ல் 20 சதவீத இறக்குமதி வரியை 60 ஆக்கினார்கள், 2023-ல் 70. 2021 ஜனவரியிலிருந்து 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மலிவுப் பொம்மையைத் தடுக்கப் போட்ட வலையில் பொழுதுபோக்குக்காரர்களும் மாட்டிக்கொண்டோம். நேர்வழியில் வரும் பொருளின் விலை ஏறினால், வெளிநாட்டிலிருந்து பையில் தூக்கி வருகிறவர் வைத்ததே விலை. ஆகவே பில் கேளுங்கள். கடையிலேயே பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். இன்ஜினைக் கவிழ்த்துச் சக்கர விளிம்பில் கறுப்பு அழுக்கு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ‘புதுசு’ அல்ல. பித்தளைத் தண்டவாளத்தை மலிவு என்று தலையில் கட்டுவார்கள். பித்தளையில் படியும் களிம்பு மின்சாரத்தைக் கடத்தாது, வாரம் தவறாமல் துடைத்துக்கொண்டே இருப்பீர்கள். நிக்கல் சில்வர் (பேரில்தான் வெள்ளி, செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது) தண்டவாளம்தான் வாங்க வேண்டும்.

இனி உங்கள் பலகைக்கு வருவோம். முதலில் தண்டவாளத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு பட்டிருந்தால்கூடச் சக்கரம் வழுக்கும். உப்புத்தாள் போடாதீர்கள், கீறலில் அழுக்கு தங்கும். இன்ஜின் சக்கரத்தில் ரப்பர் வளையம் இருந்து, அது தளர்ந்திருந்தால் மாற்றுங்கள். இவ்வளவுக்கும் பெரிய செலவில்லை. ஆனால் 6 சதவீத ஏற்றத்தை இவை குணப்படுத்தாது.

பாலத்தின் உயரத்தைக் குறையுங்கள். நம் டீசல் இன்ஜினும் பெட்டியும் 1:87 அளவில் 50 மி.மீ.-க்குள் அடங்கும். கீழ்த் தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து 60 மி.மீ. இடைவெளி, பாலத் தகடு 5, மேல் தண்டவாளம் 5, மொத்தம் 70 போதும். மின்சார இன்ஜின் ஓட்டினால் பான்டோகிராஃபை (கூரையில் மேல்கம்பியைத் தொடும் சட்டம்) மடக்கியே வைக்க வேண்டும்.

அடுத்து நீளம். 18 அங்குல ஆரத்தில் 8-க்கு 4 பலகையில் எட்டு போட்டால், பாலத்தின் அடியிலிருந்து பாலத்தின் மேல் வரை ஒரு வளையம் ஏறக்குறைய 3.15 மீட்டர். ஏற்றத்தை முழு வளையத்துக்கும் பரப்பினால் 40-க்கு 1, அதாவது 2.5 சதவீதத்தில் 70 மி.மீ. ஏறிவிடலாம். அந்த ஏற்றத்தில் ஐந்து பெட்டிகளையும் உங்கள் இன்ஜின் இழுக்கும். ஆனால் இரண்டு வளையங்களும் முழுக்கச் சரிவாகிவிடும், ஸ்டேஷனுக்கு இடமில்லை. சரிவில் பெட்டியைக் கழற்றி நிறுத்தினால் தானாக உருண்டு போகும்.

இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. ரயில் எப்போதும் ஒரே திசையில் மட்டும் ஓடுமானால், ஏறும் வளையத்தில் 40-க்கு 1 வைத்து, இறங்கும் வளையத்தில் 25-க்கு 1 வைக்கலாம். இறக்கத்துக்கு 2 மீட்டர் சொச்சம் போதும், அந்த வளையத்தில் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் சமதளம் மிஞ்சும். இன்ஜினும் மூன்று பெட்டிகளும் நிற்கலாம். பிளாட்பாரம் பாதி வளைவில் விழும். ‘எப்போதும் ஒரே திசை’ என்பதை இன்னொரு முறை படியுங்கள். வீட்டுக்கு வரும் பிள்ளைகள் முதலில் தொடுவது திசை மாற்றும் சுவிட்சைத்தான். அப்படித் திருப்பினால் ரயில் 25-க்கு 1 ஏற்றத்தில் ஏற வேண்டிவரும்; நல்ல இன்ஜினாக இல்லாவிட்டால் சக்கரம் வழுக்கும். சுவிட்சை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். இறக்கத்தில் இன்னொன்றும் நடக்கும்: பின்னால் வரும் பெட்டிகளின் எடை இன்ஜினை முட்டும்; வேகம் சீராக இல்லாமல் வெட்டி வெட்டி ஓடினால், கியர் அச்சின் ஆட்டத்தை மெல்லிய வாஷர் போட்டுக் குறைக்க வேண்டும். இன்ஜினைப் பின்னால் வைத்துத் தள்ளுவது இந்தப் பாதையில் கூடவே கூடாது. இவ்வளவு நிபந்தனையும் சரி என்றால் மட்டும் செய்யுங்கள்.

பாலம் வேண்டும் என்பதுதான் ஆசை, தடத்துக்கு மேல் தடம் வேண்டும் என்பதில்லை என்றால், இதைவிட நல்ல வழி இருக்கிறது. தண்டவாளத்தைத் தூக்காதீர்கள், தரையை இறக்குங்கள். எட்டை எடுத்துவிட்டு ஓவல் போடுங்கள். நேர்ப்பகுதியின் அடியில் 600 மி.மீ. அகலத்துக்குப் பலகையை அறுத்து, 100 மி.மீ. கீழே இன்னொரு பலகை வைத்து ஆறோ சாலையோ அமையுங்கள். தடம் முழுக்கச் சமதளம், பாலமும் கிடைத்தது, ஸ்டேஷனும் கிடைத்தது. நம் ஊர் ஆற்றுப் பாலங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. ரயில் சமமாகப் போகும், ஆறு கீழே போகும்.

எட்டையே வைத்துக்கொள்வதாக முடிவு செய்தால், தடம் புரள்வதற்கான காரணத்தையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும். சமதளமும் ஏற்றமும் சந்திக்கும் இடத்தில் இப்போது முனை மடங்கியிருக்கிறது. நீளப் பெட்டி அதில் ஏறும்போது ஒரு போகி அந்தரத்தில் நிற்கிறது, அடுத்த பெட்டியின் கொக்கி உயரம் மாறிக் கழல்கிறது. தடம் போகும் கோட்டின் இருபுறமும் ஜிக்சாவால் அறுத்து, 70 மி.மீ. அகலத்துக்கு 12 மி.மீ. பிளைவுட்டையே பட்டையாகத் தூக்குங்கள். பட்டையின் அடிமுனையைத் துண்டிக்காதீர்கள். அங்கிருந்து 450 மி.மீ. தள்ளி முதல் தாங்கு கட்டையை வையுங்கள். அதுவரை பலகை தானாக மெல்ல வளைந்துகொள்ளும். மேல்முனையிலும் இதே கதைதான். பிறகு 300 மி.மீ.-க்கு ஒரு கட்டை. கட்டைகளைப் பக்கவாட்டில் ஸ்க்ரூ போட்டு மாட்டினால் ஏற்றி இறக்கிச் சரிபார்க்க முடியும். தண்டவாள இணைப்பு எதுவும் ஏற்றத்தின் அடிமுனையில் வரக் கூடாது. பலகைக்கு எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம், ஈரம் பட்டால் ஊதிவிடும்.

அளக்க 600 மி.மீ. ரசமட்டம் ஒன்று போதும். அதன் தாழ்ந்த முனைக்கு அடியில் 15 மி.மீ. கனத் துண்டு வைத்துக் குமிழி நடுவில் நின்றால் அந்த இடத்தில் 2.5 சதவீதம். இறக்கத்துக்கு 24 மி.மீ.; 12 மி.மீ. பிளைத் துண்டு இரண்டை அடுக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு 300 மி.மீ.-க்கும் வைத்துப் பாருங்கள். சராசரி சரியாக இருந்து நடுவில் ஒரே இடம் 5 சதவீதம் ஏறினாலும் ரயில் அங்கேதான் நிற்கும்.

வயரிங் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பலகையை அறுக்கும்போதே முடித்துவிடுங்கள்: அடியில் 1.5 சதுர மி.மீ. வயர் இரண்டு சுற்றிலும் ஓட வேண்டும், 3 அடிக்கு ஒரு முறை அதிலிருந்து மெல்லிய வயரைத் தண்டவாளத்தில் சால்டர் வைக்க வேண்டும். இணைப்புத் தகடுகளை மட்டும் நம்பினால் ஆறு மாதத்தில் தூரத்து முனையில் இன்ஜின் மெதுவாகும். அப்போதும் யாராவது கன்ட்ரோலர் விற்க வருவார்கள்.

கட்டைகளை இறுக்கிய பிறகு ஐந்து பெட்டிகளோடு மெதுவான வேகத்தில் இருபது சுற்று ஓட்டுங்கள். ஒரு முறைகூடச் சக்கரம் வழுக்காமல், கொக்கி கழலாமல் வந்தால் ஜல்லியை ஒட்டத் தொடங்கலாம்.