வாசகர் கேள்வி-பதில்: பழைய எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரின் கியர் தொல்லைகள்

கேள்வி: என்னிடம் 1972ஆம் ஆண்டு எம்.ஜி.பி. கார் ஒன்று இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று பற்கள் உரசுகின்றன. முதல் கியரும் அழுத்தித் தள்ளினால்தான் விழுகிறது. எஞ்சினை அணைத்துவிட்டால் எல்லாக் கியரும் சிரமமின்றி விழுகின்றன. கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். பிரிக்கத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகர், லெஸ்டர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். எஞ்சினை அணைத்ததும் கியர்கள் ஒழுங்காக விழுகின்றன என்று நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரியே, கோளாறு பெரும்பாலும் கிளட்ச் பக்கம் இருக்கிறது என்பதைக் காட்டிவிடுகிறது. பெடலை அடிவரை மிதித்தும் கிளட்ச் முழுமையாக விடாததால், எஞ்சின் கியர்பாக்ஸின் உள்தண்டை மெல்லச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. ரிவர்ஸ் கியருக்கு சிங்க்ரோமெஷ் (பற்கள் இணையும் முன் வேகத்தைச் சமமாக்கும் அமைப்பு; சுருக்கமாக சிங்க்ரோ) கிடையாது என்பதால், இந்தக் கோளாறு முதலில் அங்கேதான் சத்தம் போடும்.

இதை உறுதி செய்துகொள்ள எந்தக் கருவியும் தேவையில்லை. எஞ்சினை நியூட்ரலில் ஓடவிட்டு, கிளட்சை அடிவரை மிதித்தபடி பத்து விநாடி பொறுத்திருந்து, பிறகு ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். கிளட்ச் சரியாக இருந்தால் அதற்குள் தண்டு நின்றுபோய், கியர் சத்தமில்லாமல் விழும். அப்போதும் உரசினால் கிளட்ச் விடவில்லை என்றே பொருள். சத்தமில்லாமல் விழுந்தால், இதுவரை நீங்கள் அவசரப்பட்டிருக்கிறீர்கள் என்பதைத் தவிர வேறொன்றுமில்லை.

இந்தக் காரின் கிளட்ச் ஹைட்ராலிக் முறையில், அதாவது ஆயில் அழுத்தத்தால், இயங்குவது. கேபிள் கிளட்சைப் போல முறுக்கிச் சரிசெய்ய அதில் ஒன்றும் இல்லை. எனவே ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் காரை ஸ்டாண்டில் பத்திரமாக நிறுத்திக் கீழே போய், கியர்பாக்ஸ் பக்கவாட்டில் உள்ள ஸ்லேவ் சிலிண்டரின் (ஆயில் அழுத்தத்தால் கிளட்சை இயக்கும் உருளை) புஷ்ராடு, அதாவது தள்ளுகம்பி, எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். ஏறத்தாழ அரை அங்குலம், அதாவது 12 முதல் 13 மில்லிமீட்டர், நகர வேண்டும். குறைந்தால் கிளட்சை இயக்கும் பிரேக் ஆயில் கசிகிறதா, லைனில் காற்று இருக்கிறதா, பழைய ரப்பர் ஹோஸ் மிதிக்கும்போது உப்புகிறதா என்று வரிசையாகப் பாருங்கள். மேலிருந்து காற்று எடுப்பது இந்தக் காரில் பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிள் (காற்று வெளியேற்றும் திருகு) வழியாகக் கீழிருந்து மேலாக ஆயிலைத் தள்ளுவது எளிது.

பலர் பார்க்கத் தவறுவது பெடலையும் மாஸ்டர் சிலிண்டரின் (மிதிக்கும்போது ஆயிலை அழுத்தும் உருளை) புஷ்ராடையும் இணைக்கும் சிறிய பின்னைத்தான். ஐம்பது ஆண்டு மிதியில் அந்தப் பின்னின் நடுப்பகுதி இடுப்பு விழுந்ததுபோல் தேய்ந்திருக்கும். பெடலில் உள்ள துளையும் வட்டம் இழந்து நீண்டிருக்கும். ஓரிரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும்; ஆனால் பெடலின் அசைவு அங்கே வீணாகும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் கிளட்ச் விடவேண்டிய தூரத்திலிருந்துதான் கழிகிறது. கீழே கிளட்ச் போர்க்கிலும் (கிளட்சைத் தள்ளும் கவை) இதேபோன்ற பின் ஒன்று உண்டு. இரண்டையும் மாற்ற அதிகச் செலவு ஆகாது. பெடல் துளையை மட்டும் வெல்டிங் வைத்து நிரப்பி மறுபடி துளையிட வேண்டியிருக்கலாம்.

அரை அங்குலம் நகர்ந்தும் கிளட்ச் விடவில்லை என்றால்தான் உள்ளே போக வேண்டும். நெடுநாள் நின்ற காரில் கிளட்ச் தட்டு துருவேறி பிளைவீலோடு ஒட்டியிருக்கலாம். அல்லது கிராங்க்ஷாப்ட் முனையில் உள்தண்டைத் தாங்கும் வெண்கலப் புஷ் இறுகியிருக்கலாம். இந்தக் காரில் கியர்பாக்ஸை மட்டும் கீழே இறக்க வழியில்லை. எஞ்சினையும் அதையும் சேர்த்து மேலே தூக்குவதே வழக்கம். அவ்வளவு வேலை செய்தபின் பழைய ரிலீஸ் பேரிங்கையே (கிளட்சை அழுத்தி விடுவிக்கும் பாகம்) திரும்பப் போட்டுவிடாதீர்கள். அது குண்டுகள் உள்ள பேரிங் அல்ல, கிராபைட் வளையம். சிக்னலில் கிளட்சை மிதித்தபடி காத்திருப்பவர்களிடம் அது சீக்கிரம் தேய்ந்துபோகும்.

கேள்வி: என் 1965ஆம் ஆண்டு எம்.ஜி.பி.யில், கார் மெல்ல உருண்டுகொண்டிருக்கும்போது முதல் கியர் போட்டால் உரசுகிறது. சிங்க்ரோ போய்விட்டதா?
– ஒரு வாசகர், ஹாரோ

பதில்: போவதற்கு, உங்கள் காரின் முதல் கியரில் சிங்க்ரோ இருந்ததே இல்லை. 1962இல் வெளிவந்தது முதல், மேல் மூன்று கியர்களுக்கு மட்டுமே அது இருந்தது. 1967ஆம் ஆண்டின் கடைசியில் வந்த இரண்டாம் மாடலில்தான் நான்குக்கும் கொடுத்தார்கள். காரை முழுவதுமாக நிறுத்திவிட்டு முதல் கியர் போடுங்கள். நிறுத்திய பிறகும் லேசாக உரசினால், முதலில் கியர் ராடை இரண்டாவது கியருக்குத் தள்ளி, பிறகு முதலுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டாவதின் சிங்க்ரோ தண்டை நிறுத்திக் கொடுத்துவிடும். உருளும்போதே போட்டாக வேண்டுமென்றால், நியூட்ரலில் கிளட்சை விட்டு, ஆக்சிலரேட்டரைச் சற்றுத் தட்டி, மறுபடி கிளட்ச் மிதித்துப் போடும் இரட்டைக் கிளட்ச் முறையைப் பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போது மட்டும் என் 1974 மாடல் காரில் உரசுகிறது. கெட்டியான கியர் ஆயில் ஊற்றினால் சரியாகும் என்கிறார் நண்பர். செய்யலாமா?
– ஒரு வாசகர், பர்மிங்ஹாம்

பதில்: உங்கள் காரில் தேய்ந்திருப்பது இரண்டாவது கியரின் பித்தளை சிங்க்ரோ வளையமாகவே இருக்க வேண்டும். அந்த வளையத்தின் உட்புறத்தில் உள்ள நுண்ணிய வரிகள் ஆயில் படலத்தை அறுத்துக்கொண்டு கியரின் கூம்பைப் பிடித்தால்தான் இரண்டின் வேகமும் சமமாகும். வரிகள் மழுங்கியபின் எந்த ஆயிலும் அவற்றைத் திரும்பக் கொண்டுவராது. அதோடு, ஜி.எல்.-5 தரத்துக் கியர் ஆயில்களில் உள்ள கந்தகச் சேர்மானம் பித்தளையை அரிக்கக்கூடியது. இந்தக் கியர்பாக்ஸுக்குத் தயாரிப்பாளர் சொன்னதே எஞ்சின் ஆயில்தான், 20டபிள்யூ-50 ஊற்றுங்கள். ஓவர்டிரைவ் (எஞ்சின் வேகத்தைக் குறைத்து ஓடவைக்கும் கூடுதல் கியர்) உள்ள கார் என்றால் அதுவும் இதே ஆயிலில்தான் ஓடுகிறது. வழுக்கலைக் கூட்டும் சேர்மானங்களைக் கலந்தால் அதன் கூம்புக் கிளட்ச் நழுவத் தொடங்கும்.

உரசல் மட்டுமே தொல்லை என்றால், நிதானமாகவும் இரட்டைக் கிளட்ச் போட்டும் நெடுநாள் ஓட்டலாம். ஆனால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கியர் தானாகக் கழன்றுகொள்கிறதா என்பதைக் கவனியுங்கள். பற்களின் முனை மழுங்கியதையோ, பிடிமான ஸ்பிரிங் தளர்ந்ததையோ அது காட்டும். முதல் மூன்று கியர்களில் இரைச்சல் இருந்து நான்காவதில் மட்டும் அடங்கினால், லேஷாப்டின் (கியர்பாக்ஸின் துணைத் தண்டு) பேரிங்குகளைச் சந்தேகியுங்கள், ஏனென்றால் நான்காவது கியரில் விசை அதன் வழியே போகாமல் நேராகக் கடந்துவிடுகிறது. எப்படியானாலும் பழைய ஆயிலை ஒரு வெள்ளைத் துணி வழியாக வடித்துப் பாருங்கள். பொடிபோன்ற பித்தளைத் துகள் வயதான பெட்டியில் இருக்கக்கூடியதே, காந்தத்தில் ஒட்டும் எஃகுச் சில்லுகள் கிடைத்தால் காரை மேற்கொண்டு ஓட்டாதீர்கள்.