பல்லுக்கு எதற்குத் தலைப் படம்?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. கீழ்ப்பல் மேல்பல்லுக்கு முன்னால் வந்து நிற்கிறது. பல் டாக்டர் தலையைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்து, மண்டையோட்டின் அடித்தளத்தில் கோணம் குறைவு என்றார். “அப்புச்சி (தாத்தா) தாடை, வளர்ந்தா சரியாயிரும்” என்கிறார் என் அம்மா. பல்லுக்கும் மண்டையோட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: நிறையவே இருக்குங்கம்மா. உங்கள் டாக்டர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

மூளை உட்கார்ந்திருக்கும் தளம்தான் மண்டையோட்டின் அடித்தளம். முன்பாதியின் கீழே மேல்தாடை ஒட்டியிருக்கிறது. பின்பாதியில், காதுக்குச் சற்று முன்னால் உள்ள குழியில் கீழ்த்தாடை மாட்டியிருக்கிறது. அங்கே விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள், கீல் அசைவது தெரியும். இந்தத் தளம் நடுவில் மடங்கியிருக்கும். பெரியவர்களுக்குச் சுமார் 130 டிகிரி. மடிப்பு இறுகினால், அதாவது கோணம் குறைந்தால், கீல் முன்னே வரும், கதவு மாதிரி கீழ்த்தாடையும் கூடவே வரும். விரிந்தால் தாடை பின்தங்கி மேல்பல் எடுப்பாகத் தெரியும். மடிப்பு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். தாடையின் நீளமும் பரம்பரையும் சேர்ந்துதான் முகம்.

ஈரோட்டில் இத்தனை வருடமாகியும், எக்ஸ்ரே படத்தின் மேல் தாளை ஒட்டிப் பென்சிலால்தான் வரைகிறேன். அதில் குறிக்கும் முதல் புள்ளி, மூளைக்கு அடியில் பிட்யூட்டரி சுரப்பி உட்காரும் குழி. குதிரைச் சேணம் போலவே இருக்கும். அடுத்தது, மூக்கெலும்பு நெற்றியோடு சேரும் இடம். இவற்றை இணைக்கும் கோடு 7 வயதுக்குப் பிறகு அதிகம் மாறாது. அதனால் அடுத்த வருடப் படத்தை இதன்மேல் வைத்தால், தாடை எவ்வளவு ஓடியிருக்கிறது என்று கண்ணாலேயே தெரியும். தலையை அசையாமல் பிடித்து ஒரே தூரத்தில் படமெடுக்கும் இந்த முறையை அமெரிக்காவின் பல் சீரமைப்பு டாக்டர் பிராட்பென்ட் 1931-ல் வெளியிட்டார்.

அம்மா சொல்வது வேறொன்றுக்குப் பொருந்தும். இந்த வயதில் மேல்முன்பற்களின் நடுவே இருக்கும் சந்து, கோரைப்பல் முளைக்கும் 11, 12 வயதில் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். முன்தள்ளிய தாடை அப்படி இல்லை. பையன்கள் மளமளவென உயரும் வயதில் தாடையும் சேர்ந்து ஓடும். ‘அப்புச்சி தாடை’ என்று பெயர் நின்றிருக்கிறதே, அவருக்கு அது சரியாகவில்லை என்றுதானே அர்த்தம்?

சரியாயிரும் என்று காத்திருந்து 18 வயதில் வந்த ஒரு பையனுக்கு, அறுவை சிகிச்சைதான் வழி என்று சொல்ல வேண்டியிருந்தது. இன்னும் மனசு ஆறவில்லை. உங்கள் மகனுக்கு இப்போதே தொடங்கினால், நெற்றியிலும் முகவாயிலும் தாங்கி ரப்பர் வளையத்தால் மேல்தாடையை முன்னிழுக்கும் கருவிக்கு நல்ல பலன் கிடைக்கலாம். 10 வயதைத் தாண்ட விடாதீர்கள்.

இன்றைக்கு ராத்திரி ஒன்று செய்து பாருங்கள். நாக்கு நுனியை அண்ணத்தில் பின்னால் மடித்து, மெதுவாகப் பல்லைக் கடிக்கச் சொல்லுங்கள். முன்பற்கள் நுனியோடு நுனி தொட்டு, அப்புறம் தாடை முன்னால் நழுவினால், கோளாறில் ஒரு பங்கு பல்லால் வந்தது, சிகிச்சை சுலபமாகும். டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள். அப்புச்சியின் கல்யாணப் போட்டோ இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.