மக்புக்கில் விண்டோக்கள் ஏன் சொல்பேச்சுக் கேட்பதில்லை?

கேள்வி: வெள்ளவத்தையில் வீட்டில் இருந்தபடியே புறக்கோட்டைக் கடைகள் மூன்றுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். பன்னிரண்டு வருடமாக விண்டோஸ்தான் பழக்கம். லண்டனில் இருக்கும் அண்ணா போன மாதம் வந்தபோது ஒரு மக்புக் தந்துவிட்டுப் போனார். நல்ல சாமான்தான், ஆனால் கைக்கு அடங்கவில்லை. சிவப்புப் பொத்தானை அழுத்தினாலும் எக்செல் மூடுவதில்லை. மஞ்சள் பொத்தானால் கீழே இறக்கி வைத்த பைல் கொமாண்ட்-டெப் அழுத்தினால் திரும்பி வருவதில்லை. பச்சையை அழுத்தினால் மற்றதெல்லாம் மறைந்து போகிறது. மாதக் கடைசி நெருங்குகிறது. இதை விற்றுவிட்டு விண்டோஸ் லப்டொப் ஒன்று வாங்கலாமா?

பதில்: விற்க வேண்டாம். உங்கள் மூன்று முறைப்பாட்டுக்கும் வேர் ஒன்றுதான். அது பிடிபட்டால் ஒரு கிழமைக்குள் கை பழகிவிடும்.

விண்டோஸில் விண்டோதான் செயலி. கடைசி விண்டோவை மூடினால் செயலியும் போய்விடும். மக்கில் செயலி வேறு, அதன் விண்டோ வேறு. 1984இல் வந்த முதல் மக்கின்டோஷில் இருந்தே மெனு விண்டோவுக்குள் இருப்பதில்லை, திரையின் உச்சியில் இருக்கிறது. அந்த மெனு செயலிக்கு உரியது. அதனால் ஒரு விண்டோகூட இல்லாமல் எக்செல் திறந்தே இருக்கலாம். சிவப்பை அழுத்திய பிறகு இடது மூலையில் பாருங்கள், அப்பிள் சின்னத்துக்குப் பக்கத்தில் எக்செல் என்ற பெயர் அப்படியே நிற்கும். திரையின் கீழே ஐகொன்கள் வரிசையாக நிற்கும் டொக்கில் அதன் ஐகொனுக்கு அடியில் ஒரு சின்னப் புள்ளியும் இருக்கும். அந்தப் புள்ளி இருக்கும்வரை செயலி ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஆகவே ஒரு கடையின் பைலை மட்டும் மூட கொமாண்ட்-டபிள்யூ. எக்செலையே அனுப்பிவிட கொமாண்ட்-கியூ. அதற்காக ஒவ்வொரு முறையும் செயலியை அனுப்பத் தேவையில்லை. அடுத்த கடையின் பைலைத் திறக்கும்போது அது தயாராக நிற்பது உங்களுக்கு வசதிதான்.

இனி கொமாண்ட்-டெப். உங்களை அதிகம் அலைக்கழிப்பது இதுவாகத்தான் இருக்கும், ஏனென்றால் இங்கே கை ஏமாறுகிறது. விண்டோஸ் விசைப்பலகையில் ஓல்ட் இருக்கும் இடத்தில், ஸ்பேஸ் பாருக்கு இடப்பக்கம் ஒட்டினாற்போல, மக்கில் கொமாண்ட் இருக்கிறது. பெருவிரல் பழைய இடத்துக்கே போகிறது, வேலை மட்டும் வேறு. ஓல்ட்-டெப் விண்டோ விண்டோவாக மாற்றியது. கொமாண்ட்-டெப் செயலி செயலியாக மாற்றும். எக்செலில் மூன்று கடைக்கு மூன்று பைல் திறந்திருந்தாலும் அங்கே எக்செல் என்று ஒரே ஒரு ஐகொன்தான் வரும்.

அந்த மூன்றுக்குள் மாறிக்கொள்ள வேறு விசை இருக்கிறது: கொமாண்ட்டை அழுத்தியபடி, சாய்ந்த ஒற்றைக் குறி (`) போட்ட விசை. அது டெப்புக்கு மேலே இருக்கிறது என்றுதான் பெரும்பாலான குறிப்புகள் சொல்லும். அது அமெரிக்க விசைப்பலகைக்குச் சரி. உங்கள் அண்ணா லண்டனில் வாங்கியிருந்தால் அந்த இடத்தில் வேறு விசை இருக்கும். நீங்கள் தேடுவது கீழே, இடது ஷிப்டுக்கும் இசட்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு தடவை விரல் வைத்துப் பாருங்கள். வற் வரிக் கணக்குக்காக இரண்டு பைலை மாறி மாறிப் பார்ப்பவருக்கு, என் கணிப்பில், மக்கில் இதைவிடப் பயனுள்ள விசை கிடையாது.

கீழே இறக்கிய பைல் வராததற்குக் காரணமும் இதுதான். மஞ்சள் பொத்தானை அழுத்தினால் அந்த விண்டோ டொக்கின் வலது கோடியில், குப்பைத்தொட்டிப் பக்கம், சின்னப் படமாகப் போய் உட்கார்ந்துவிடும். கொமாண்ட்-டெப் செயலியை முன்னுக்குக் கொண்டுவருமே தவிர அதைத் தூக்கி எடுக்காது. அந்தப் படத்தைத்தான் கிளிக் செய்ய வேண்டும். மஞ்சளை மறந்துவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்றால் கொமாண்ட்-எச் அழுத்துங்கள். செயலி முழுதாக மறையும், கொமாண்ட்-டெப் செய்ததும் எல்லா விண்டோவும் இருந்தபடியே திரும்பி வரும். எது எங்கே என்று குழம்பினால் கொன்ட்ரோலோடு மேல் அம்புக்குறி. திறந்து கிடப்பவை எல்லாம் மேசையில் பரப்பியதுபோலத் தெரியும்.

பச்சைப் பொத்தான், மக்கின் இயங்குதளத்தில் 2014இல் வந்த யோசமிட்டி பதிப்பில் இருந்து விண்டோவை முழுத்திரையாக்கி, தனி மேசை ஒன்றுக்குக் கொண்டுபோகிறது. மற்றவை மறையவில்லை, பழைய மேசையிலேயே இருக்கின்றன. கொன்ட்ரோலோடு இடது அம்புக்குறி அழுத்தினால் அங்கே போகலாம். முழுத்திரையே வேண்டாம் என்றால் கொன்ட்ரோல்-கொமாண்ட்-எப். இடத்தை நிறைக்கும் அளவுக்கு மட்டும் பெரிதாக்க, ஒப்ஷனை அழுத்தியபடி பச்சையைக் கிளிக் செய்யுங்கள்.

சரி, வங்கி அறிக்கை ஒரு பக்கம், எக்செல் மறுபக்கம் எப்படி வைப்பது? விண்டோஸ் 7 காலத்தில், 2009இலேயே, ஓரத்துக்கு இழுத்தால் பாதித் திரையில் ஒட்டிக்கொண்டது. மக்கில் இது 2024இல்தான், செக்கோயா என்ற 15ஆம் பதிப்பில் வந்தது. இத்தனை வருடம் இல்லாமல் வைத்திருந்தது குறைதான். உங்கள் பதிப்பு எது என்று அப்பிள் சின்னத்தின் கீழ் ‘எபவுட் திஸ் மக்’ சொல்லும். 15 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் விண்டோவின் தலைப்பைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தாலே போதும். பழையது என்றால் ரெக்டாங்கிள் என்ற இலவசச் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்படி இரண்டையும் பக்கத்தில் வைத்ததும் இன்னொன்று கவனிப்பீர்கள். பின்னால் இருக்கும் விண்டோவில் ஒரு பொத்தானைக் கிளிக் செய்தால் பல நேரம் எதுவும் நடக்காது. முதல் கிளிக் அந்த விண்டோவை விழிக்க வைக்கிறது, இரண்டாவதுதான் பொத்தானுக்குப் போகிறது. மக் இறுகிவிட்டது என்று நினைத்து நாலைந்து தடவை தட்டாதீர்கள்.

இவ்வளவும் செய்தும் பழைய ஓல்ட்-டெப்தான் வேண்டும் என்று கை அடம்பிடித்தால், ஓல்ட்-டெப் என்ற பெயரிலேயே ஒரு இலவசச் செயலி இருக்கிறது. விண்டோ விண்டோவாகவே மாற்றித் தரும், கீழே இறக்கியதையும் எடுத்துத் தரும். போட்டுக்கொள்வதில் தவறே இல்லை, ஆனால் முதல் இரண்டு கிழமை இல்லாமல் பழகிப் பாருங்கள். பழைய விண்டோஸ் லப்டொப் இன்னும் கையில் இருந்தால் இந்த மாதக் கடைசிக் கணக்கில் பெரும்பகுதியை அதிலேயே முடியுங்கள். ஒரு சிறிய கடையின் கணக்கை மட்டும் மக்கில் செய்து கை பழக்குங்கள். மற்ற இரண்டையும் அடுத்த மாதம் கொண்டுவரலாம்.