ஒரு பில்லில் இரண்டு பாடம்

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். கணக்குக்கும் அறிவியலுக்கும் டியூஷன் வைத்திருக்கிறோம். குடிமையியல், பொருளியல் பாடங்களைக் கடைசி வாரத்தில் நோட்ஸ் வைத்து மனப்பாடம் செய்தால் போதாதா? அதற்குமேல் அதில் என்ன இருக்கிறது?
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: போதாது அம்மா. மார்க் வந்துவிடும், பாடம் வராது.

நேர்முக வரி, மறைமுக வரி இரண்டுக்கும் வரையறையைத் தடுமாறாமல் ஒப்பித்த ஒரு மாணவனிடம், “உங்கள் வீட்டில் யாராவது வரி கட்டுகிறீர்களா?” என்று கேட்டேன். “இல்லை சார், அப்பா கூலி வேலைதான்” என்றான். எனக்கு மனசு கனத்துப் போயிற்று. அவன் அப்பா வாங்கும் குளியல் சோப்பில் ஜிஎஸ்டி என்ற மறைமுக வரி இருக்கிறது. 2025 செப்டம்பர் 21 வரை 18 சதவீதமாக இருந்தது, மறுநாளிலிருந்து 5 சதவீதம். 42 ரூபாய் சோப்பு என்றால் அதில் 2 ரூபாய் வரி. பங்களா வீட்டுக்காரரும் அதே சோப்புக்கு அதே 2 ரூபாய்தான் கொடுக்கிறார். வருமான வரி ஆளின் வரும்படியைப் பார்த்து ஏறும்; மறைமுக வரி அதைப் பார்ப்பதில்லை. இந்த வேறுபாடு புரியாமல் வளர்கிற பிள்ளை, “நாம் எங்கே வரி கட்டுகிறோம், அரசாங்கம் கொடுப்பதை வாங்கிக்கொள்வோம்” என்று ஆயுசுக்கும் குனிந்தே நிற்கும்.

சூப்பர் மார்க்கெட் பில் ஒன்றை மகளிடம் கொடுங்கள். அந்த 5 சதவீதம் சிஜிஎஸ்டி 2.5, எஸ்ஜிஎஸ்டி 2.5 என்று பிரிந்து நிற்கும். ஒன்று மத்திய அரசுக்கு, மற்றது மாநில அரசுக்கு. குடிமையியலில் வரும் கூட்டாட்சி இதுதான். எழுதும் நோட்டுப் புத்தகத்துக்கு இப்போது வரியே இல்லை. அதையும் அவளே கண்டுபிடிக்கட்டும்.

சட்டத்துக்கு வருவோம். கைது செய்யப்பட்டவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22ஆவது உறுப்பு. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும். வீட்டில் ஒருவரை நள்ளிரவில் அழைத்துப் போனால், அந்த நேரத்தில் யார் நோட்ஸைப் புரட்டுவது? உரிமை மீறப்பட்டால் நேராக உச்ச நீதிமன்றத்துக்கே போகலாம் என்று சொல்லும் 32ஆவது உறுப்பை அரசியலமைப்பின் இதயம், ஆன்மா என்றார் அம்பேத்கர். அது ஒரு மார்க் கேள்வியாகச் சுருங்கிப் போனதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

அக்கா, அண்ணன்மார் விட்டுப்போன பழைய நோட்ஸ் வேண்டவே வேண்டாம். 1978இல் 44ஆவது திருத்தம் வந்தபின் சொத்துரிமை அடிப்படை உரிமை இல்லை. இன்னும் ஏழு உரிமைகள் என்றே எழுதிவிட்டு வரும் பிள்ளைகள் உண்டு. இந்திய தண்டனைச் சட்டமும் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா ஆகிவிட்டது.

தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் ஒதுக்குங்கள், நீங்களும் கூட உட்காருங்கள். முதல் நாளைக்கு வண்டிக்கு பெட்ரோல் போட்ட பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலுக்கு ஜிஎஸ்டி கிடையாது. மத்திய அரசு கலால் வரி போடுகிறது, மாநில அரசு வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி போடுகிறது. ஏன் இந்தப் பொருளை ஜிஎஸ்டிக்கு வெளியே வைத்தார்கள் என்று மகளைக் கேளுங்கள். விடை தேட அவள் பொருளியல் புத்தகத்தை மூடிவிட்டு, மாநில அரசு பாடத்தைத் திறக்க வேண்டியிருக்கும்.